பொய் வேற, பேச்சு வேற

திருப்பூரில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "தேர்தல் விளம்பரத்தில் சொல்வது உண்மைதான் என்று வாக்காளருக்குத் தோன்றினால் அது ஓட்டை மாற்றுமா? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் 'அத்தனையும் பொய்' என்கிறார்கள். அப்புறம் அந்தப் பொய்யைச் சொன்னவருக்கே போய்ப் போடுகிறார்கள். இதைப் பற்றி ஒரு சர்வே எடுக்க வேண்டும். எதைக் கேட்பது என்றே புரியவில்லை."

தம்பி, எனக்கு இதில் இரண்டு பக்கத்துப் பழக்கமும் உண்டு. கோபிசெட்டிபாளையம் பக்கம் 28 வருஷம் ஆஃப்செட் அச்சகம் நடத்தினேன். எல்லாக் கட்சிக்கும் பிட் நோட்டீஸும் வால்போஸ்டரும் அடித்திருக்கிறேன். ஒரே ராத்திரியில் எதிரெதிர்க் கட்சிகளின் நோட்டீஸ் ஒரே மெஷினில் ஓடியிருக்கிறது. முதல் கட்டு வண்டியேறும் வரை அடுத்ததன் பிளேட்டைப் பேப்பர் போட்டு மூடி வைத்திருப்போம். பிற்பாடு தபால் வழியில் இதழியல் படித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் வாரத்துக்கு நாலு வகுப்பு எடுக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விளம்பரம் உண்மை என்று பட்ட ஒரே காரணத்துக்காகக் கட்சி மாறிப் போடுகிறவர்கள் ரொம்பக் கம்மி. ஆனால் அந்த விளம்பரம் படித்தவரோடு நின்றுவிடுமா, அடுத்தவர் காதுக்குப் போகுமா என்பதை இந்த 'நெசமாத்தான் இருக்கும்' என்கிற நினைப்புதான் முடிவு செய்கிறது. தேர்தலில் வேலை செய்வது அந்த இரண்டாவது காது. இதை எனக்குப் புரிய வைத்தது பாடப்புத்தகம் இல்லை, என் அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி.

2001 தேர்தல் சமயம். ஒரு வேட்பாளருக்காக நாலு கலர் நோட்டீஸ் அடித்தோம். எங்கள் பக்கத்தில் புதிதாகப் போட்ட ரோட்டைப் பற்றி அதில் பெரிதாக இருந்தது. ரோடு நிஜமாகவே போட்டிருந்தார்கள். நானே தினமும் அதில்தான் போய் வந்தேன். போட்டோ மட்டும் யாரும் கொண்டுவந்து தரவில்லை. அவசரத்துக்கு அச்சகத்தில் கிடந்த ஏதோ ஒரு ரோட்டுப் படத்தை எடுத்து நான்தான் வைத்தேன். அதில் இரண்டு பக்கமும் வரிசையாகத் தென்னை.

அடுத்த நாள் அம்முச்சி களத்தில் மஞ்சள் காயப்போட்டுக்கொண்டிருந்தது. நோட்டீஸைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இது நம்மூட்டு ரோடு இல்ல சாமி. பொள்ளாச்சிப் பக்கமாட்ட இருக்குது. நம்ம புளியமரம் எங்க?" அவ்வளவுதான். மீதி நோட்டீஸைப் படிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் 'பொள்ளாச்சி ரோட்டைப் போட்டு ஓட்டுக் கேட்கறாங்க' என்று ஆகிவிட்டது. உண்மையான ரோடு, என் ஒரு படத்தால் பொய்யாகிப் போனது.

சரி, இவ்வளவு கறாரான ஆள் என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டு நாள் கழித்து அது வழக்கமாகப் போடும் கட்சியின் நோட்டீஸைக் கொடுத்தேன். வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை என்று இருந்தது. "இதை நம்பறயா அம்முச்சி?" என்றேன். "அட, அது பேச்சு சாமி. ஓட்டுக் கேட்டு வர்றவன் வேற என்னத்தப் பேசுவான்?" என்றது. "அப்ப அந்த ரோடு?" என்றேன். "அது பொய். பொய் வேற, பேச்சு வேற."

கொங்கு நாட்டில் இந்தப் பாகுபாடு எல்லாரிடமும் இருக்கிறது. நமக்கு வேண்டியவர் மிகைப்படுத்தினால் பேச்சு. வேண்டாதவர் சொன்னால் பொய். சரக்கு ஒன்றுதான், பில்லில் எழுதும் பெயர்தான் மாறுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2016 தேர்தலின்போது பிரெண்டன் நைஹன் முதலான நாலு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குற்றங்கள் பெருகிவிட்டன என்று டிரம்ப் மாநாட்டில் பேசியதைக் காட்டினார்கள். கூடவே, நீண்ட காலக் கணக்கில் குற்றங்கள் குறைந்துதான் வந்திருக்கின்றன என்ற அரசாங்கப் புள்ளிவிவரத்தையும் சிலருக்குக் காட்டினார்கள். டிரம்ப் ஆதரவாளர்களும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். 'ஆமாம், அவர் சொன்னது சரியில்லை' என்ற பக்கம் நகர்ந்தார்கள். ஆனால் அவர் மேலிருந்த அபிப்பிராயம் அசையவில்லை. பிரையனி ஸ்வைர் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதேதான்: பொய் என்று தெரிந்ததும் அந்தச் செய்தி மேல் நம்பிக்கை இறங்கியது, ஓட்டு அங்கேயே நின்றது. எங்கள் அம்முச்சி இதை ஒரு வரியில் சொல்லிவிட்டது, பல்கலைக்கழகம் கட்டுரை எழுதியது.

ஆக, 'எல்லாம் பொய் என்கிறார்கள், ஆனாலும் போடுகிறார்கள்' என்று நீங்கள் கவனித்தது சரிதான். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. அவர்கள் ஓட்டுப் போடுவது அந்த வாக்கியத்துக்கு இல்லை.

அடுத்து, எது உண்மை போலத் தோன்றுகிறது என்பது. என் அனுபவத்தில் முதல் இடம் சொந்தக் கண்ணுக்கு. 2011 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-லிருந்தே மின்வெட்டு. கோவையில் ஃபவுண்டரிக்காரர், பல்லடம் சோமனூரில் தறிக்காரர், திருப்பூரில் பனியன்காரர், எல்லாரும் கரண்ட் போகிற நேரத்தை வைத்துத்தான் ஷிப்ட் போட்டார்கள். மின்வெட்டைக் கண்டித்து ஒரு நோட்டீஸ் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. அதைப் பாதி அடிக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மீதியை டீசல் ஜெனரேட்டர் போட்டு அடித்து, டீசல் காசையும் பில்லில் சேர்த்தேன். அந்த நோட்டீஸில் எழுதியிருந்த ஒரு வார்த்தையைக்கூட யாரும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. அது யாரையும் மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். மாறியிருந்தவர்களுக்குப் பேச வார்த்தை கொடுத்தது. கொங்கு மண்டலம் அந்தத் தேர்தலில் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. 2012-ல் வெட்டு இன்னும் கூடியபோது, அதே கண் அடுத்த பக்கத்தாரின் விளம்பரத்தையும் அதே மாதிரி எடை போட்டது.

இரண்டாவது, அளவாகச் சொல்வது. இதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டும் உதாரணம் 1967-ன் அரிசி வாக்குறுதி. அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷன் கடையில் வரிசை. தி.மு.க. சொன்னது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். வெறும் 'மூன்று படி' என்று மட்டும் சொல்லியிருந்தால் அது இன்னொரு பேச்சு. 'ஒரு படி நிச்சயம்' என்று தன் வாயாலேயே குறைத்துக்கொண்டதும் கேட்பவனுக்கு, 'இவன் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறான்' என்று படுகிறது. சந்தையில் 'கிலோ நூறு' என்று கத்துகிறவனைவிட 'முத்தினது நாலு இருக்குதுங்க, அதைப் பொறுக்கிட்டு எடுத்துக்குங்க' என்கிறவனிடம்தான் நாம் பை விரிக்கிறோம். ஆட்சிக்கு வந்த பிறகு அந்த ஒரு படித் திட்டம் தொடங்கியது சென்னையிலும் கோவையிலும்தான். செலவு தாங்காமல் மாநிலம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் அந்த வரி அறுபது வருஷம் கழித்தும் பேச்சில் இருக்கிறது. குறைத்துச் சொன்ன பாதியால்தான் அது நின்றது என்பது என் கணக்கு. இன்று விளம்பரம் எழுதிக் கொடுக்கும் கம்பெனிகள் 'லட்சியம்' பகுதியை மட்டும் கற்றுக்கொண்டு 'நிச்சயம்' பகுதியை விட்டுவிட்டன.

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், டிவி மாதிரியான வாக்குறுதிகள் எடுபட்டதற்கும் இதுவே பாதிக் காரணம். இலவசம் என்பதால் மட்டும் இல்லை. வந்ததா இல்லையா என்று சமையலறைக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 'தொழில் வளர்ச்சி' என்று ஒருவர் சொன்னால் அதை எந்த மூலையில் போய்ப் பார்ப்பது?

மூன்றாவது, திரும்பத் திரும்பச் சொல்வது. இதில்தான் நிறையப் பேர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். 1977-ல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டைன், தாமஸ் டொப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். சில வாக்கியங்கள் மூன்று முறையும் வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்த வாக்கியத்துக்கு ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏறியது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் செய்து பார்த்தும் இது நிற்கிறது. காலையும் மாலையும் ஆட்டோவில் மைக் கட்டி ஒரே கேசட்டை ஓட்டுவதற்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது, கட்டுரையை யாரும் படிக்காவிட்டாலும்.

ஆனால் அந்தச் சோதனை தகவல் வாக்கியங்களைப் பற்றியது. வாக்குறுதிக்கு இது தலைகீழாக வேலை செய்கிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. பவானி ஆற்றுத் தண்ணீரை எங்கள் பக்கத்துக் குளங்களுக்குக் கொண்டுவரும் அவிநாசி - அத்திக்கடவு திட்டம்தான் சாட்சி. அறுபது வருஷத்துக்கு மேலான கோரிக்கை. நான் அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர் நோட்டீஸில் அந்த வரி இருக்கும். ஒரு கட்டத்தில் எங்கள் கம்போசிங் பையன் கேட்பான்: "அண்ணா, அத்திக்கடவு வரியைப் போன எலெக்‌ஷன் ஃபைல்ல இருந்தே எடுத்துக்கட்டுமா?" திரும்பச் சொல்லச் சொல்ல நம்பிக்கை ஏறவில்லை, நக்கல்தான் ஏறியது. அந்தப் பக்கம் நடக்காத காரியத்துக்கு 'அத்திக்கடவுத் தண்ணி வரட்டும், பாக்கலாம்' என்று சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். 'அந்த ஆள் கமிஷன் அடித்தார்' என்பது திரும்பச் சொன்னால் உண்மையாகும். 'நான் தண்ணீர் கொண்டுவருவேன்' என்பது திரும்பச் சொன்னால் தேய்ந்துபோகும். குற்றச்சாட்டு விளம்பரம் கட்சிகளுக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம்.

அத்திக்கடவு கதை இத்தோடு முடியவில்லை. 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17-ல் ஸ்டாலின் முதல்வராக இருந்தபோது தொடங்கி வைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுப் பக்கமிருந்து பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, மூன்று மாவட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிற வேலை. இப்போது ஒரு பக்கத்தார் 'நாங்கள் கொண்டுவந்த திட்டம்' என்கிறார்கள், மறுபக்கத்தார் 'நாங்கள் முடித்த திட்டம்' என்கிறார்கள். இரண்டு வாக்கியமும் உண்மை! ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை. ஆனால் இரண்டையும் கேட்கிற குன்னத்தூர்க்காரர் இரண்டு பேரும் பாதியை மறைக்கிறார்கள் என்றுதான் சொல்வார். தன் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்தவர் ஒரு மாதிரியும், பக்கத்துக் குட்டை நிறைந்து தன்னுடையது காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறவர் வேறு மாதிரியும் அதே போஸ்டரைப் படிப்பார்கள். உண்மை என்று 'தோன்றுவதை' உண்மையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கேள்விக்குக் கொஞ்சம் வெளியே போனாலும் பரவாயில்லை. வாக்குறுதி தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சி தொகுதி காட்டியது. தங்கள் கோரிக்கையை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் அந்தச் சீட்டைப் பற்றித்தான் பேசினோம். அந்த வருஷமே சட்டத்தைத் திருத்திச் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். ஒரு வாக்குறுதிகூட இல்லாத அந்த வேட்பாளர் பட்டியலைத்தான் நான் நம் ஊர் போட்ட பெரிய தேர்தல் விளம்பரம் என்பேன். நாடு முழுக்கப் பேச வைத்தது.

இனிச் சட்டம். 'பொய் விளம்பரம் என்றால் கேஸ் போட முடியாதா?' என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 123(4) பிரிவு, ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்பினால் முறைகேடு என்கிறது. கவனியுங்கள், சொந்த நடத்தை. 'இத்தனை லட்சம் பேருக்கு வேலை கொடுத்தோம்' என்ற பொய் அதற்குள் வராது. தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் 123-ன்கீழ் முறைகேடு ஆகாது என்று சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே தமிழ்நாட்டு டிவி, மிக்ஸி, கிரைண்டர் பற்றியதுதான். அதற்குப் பிறகு தேர்தல் ஆணையம், நிதிக்கு என்ன வழி என்பதையும் அறிக்கையில் காட்டுங்கள், நிறைவேற்ற முடிந்ததை மட்டும் சொல்லி ஓட்டுக் கேளுங்கள் என்று நெறிமுறை போட்டது. எத்தனை அறிக்கையில் அந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறீர்கள்? சோப்பு விளம்பரத்தில் மிகைப்படுத்தினால் புகார் செய்ய விளம்பரத் தரக் கவுன்சில் இருக்கிறது. அரசியல் விளம்பரம் அவர்கள் வரம்பில் இல்லை.

டிவி விளம்பரத்துக்கு 2004-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். மாவட்டந்தோறும் அதற்கு ஒரு குழு இருக்கிறது. 2013-லிருந்து சமூக ஊடக விளம்பரத்துக்கும் அதே விதி. மதத்தைத் தூண்டுகிறதா, ஆபாசமா, தனிப்பட்ட தாக்குதலா என்று பார்ப்பார்கள். சாலை நீளத்தை டேப் வைத்து அளக்க மாட்டார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 'டிவியில உட்டிருக்கறாங்கன்னா சும்மாவா உடுவாங்க?' என்று எங்கள் டீக்கடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சான்றின் நிழலில் பொய்க்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்துவிடுகிறது.

அச்சகக்காரனுக்குத் தெரிந்தது அதே 1951 சட்டத்தின் 127அ பிரிவு. நோட்டீஸில் அச்சிட்டவர் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வாங்க வேண்டும். அடித்ததும் மாவட்ட நிர்வாகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு தேர்தலில் ராத்திரி பத்தரை மணிக்கு ஒருவர் வந்தார். எதிர் வேட்பாளர் குடும்பத்தைப் பற்றி ஒரு மேட்டர், ஐயாயிரம் காப்பி, 'உங்க பேரு வேண்டாங்கண்ணா, கூலி டபுளா வாங்கிக்குங்க' என்றார். நான் மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் காலையில் அதே நோட்டீஸ் என் வீட்டு வாசலிலேயே கிடந்தது. அடியில் எந்தப் பெயரும் இல்லை. நான் எதிர்பார்த்தது, பெயர் இல்லாததால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் என்று. நடந்தது வேறு. பெயர் இல்லாததாலேயே 'உண்மையைச் சொல்ல பயந்துட்டு ராத்திரியில போட்டுட்டுப் போயிருக்கான்' என்றார்கள்.

அது பொய் என்று பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன இழுவை ஊரில் தங்கிவிட்டது. எமிலி தோர்சன் என்ற ஆய்வாளர் 2016-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், நம்பிக்கையின் எதிரொலி என்று சொல்லலாம். ஒரு கற்பனை வேட்பாளரைப் பற்றிக் கெட்ட செய்தி ஒன்றைக் கொடுத்து, உடனேயே அது தப்பு என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். படித்தவர்கள் திருத்தத்தை நம்புகிறார்கள். ஆனாலும் அந்த வேட்பாளர் மேல் கசப்பு மட்டும் மிச்சமிருக்கிறது. அழிரப்பர் போட்டாலும் பேனா அழுத்திய தடம் தாளில் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. அதற்காகத் தாக்குதல் விளம்பரம் ஜெயிக்க வைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரிச்சர்ட் லாவும் கூட்டாளிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் எழுதியது: தாக்குதல் மனதில் நிற்கிறது, ஆனால் செய்தவருக்கு ஓட்டைக் கூட்டித் தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பல நேரம் தாக்கியவர் மேலேயே வெறுப்பு வருகிறது.

உண்மையே விளம்பரமாக வந்தால்? அதுவும் நம்மிடம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு, வழக்கு உள்ள வேட்பாளர்கள் தங்கள் மேலுள்ள வழக்குகளைத் தாங்களே மூன்று முறை பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். தனக்கு எதிரான உண்மையைத் தானே காசு கொடுத்துச் சொல்வது! பத்திரிகையில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். டெண்டர் அறிவிப்புக்கும் காணவில்லை விளம்பரத்துக்கும் நடுவில், எறும்பு எழுத்தில். ஒரு தடவை டீக்கடையில் அதை உரக்கப் படித்தேன். "மறியல் கேசா? அப்படின்னா மக்களுக்காகப் போனதுதானுங்களே" என்றார் ஒருவர். "எங்காளு மேல போட்டதெல்லாம் பொய்க் கேசு" என்றார் இன்னொருவர். மறுபடியும் பொய் வேற, பேச்சு வேற.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கொஞ்சம். 2024-ல் கருணாநிதியின் உருவத்தையும் ஜெயலலிதாவின் குரலையும் கணினியில் உண்டாக்கிப் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் யாரும் அதை நிஜம் என்று நம்பவில்லை, நம்ப வைப்பது நோக்கமும் இல்லை. பழைய பாசத்தைக் கிளறுவதற்கு. ஆகவே எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. பயம் வாட்ஸ்அப்பில் வரும் இருபது விநாடி குரல் பதிவில்தான், அதுவும் சொந்தக்காரர் அனுப்பினால். தேர்தல் ஆணையம் 2024 மே மாதம், இப்படிப்பட்ட போலிகள் தங்கள் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று கட்சிகளுக்குச் சொன்னது. மூன்று மணி நேரத்தில் ஒரு பதிவு காங்கேயத்திலிருந்து கலிபோர்னியா போய் வந்துவிடும்.

அப்படியானால் மொத்தமாக விளம்பரத்துக்கு எவ்வளவு சக்தி? ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 களச் சோதனைகளைச் சேர்த்து 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: அமெரிக்கப் பொதுத்தேர்தலில் பிரசாரமும் விளம்பரமும் யாருக்கு ஓட்டு என்பதை மாற்றும் அளவு, சராசரியாகப் பூஜ்யம். டெக்சாஸில் 2006 ஆளுநர் தேர்தலுக்கு டிவி விளம்பரத்தைக் குலுக்கல் முறையில் ஊர் ஊராக ஓடவிட்டுப் பார்த்ததில், ஆதரவு நன்றாக ஏறியது, ஆனால் ஒரு வாரத்துக்குள் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது. இவற்றை அப்படியே தூக்கி ஈரோட்டில் வைக்க முடியாது. அங்கே இரண்டு கட்சி, இங்கே கூட்டணி. இங்கே சின்னம், சாதி, கவர், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வந்தார் என்ற மொய்க்கணக்கு எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் விளம்பரம் தனியாக நின்று ஓட்டைத் திருப்புவதில்லை என்பது இங்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். மாமனும் மச்சானும் அதை எடுத்துச் சொன்னால் கதை வேறு. அவர்கள் எடுத்துச் சொல்வார்களா என்பது, சொன்னால் தங்கள் பெயர் கெடாது என்ற நம்பிக்கையைப் பொறுத்தது. அம்முச்சி அந்த ரோட்டு நோட்டீஸைக் கிண்டலாகத்தான் ஊருக்குச் சொன்னது. புளியமரம் படத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும்.

இப்போது உங்கள் சர்வே. 'இந்த விளம்பரம் உண்மையா?' என்று நேராகக் கேட்காதீர்கள். எல்லாரும் 'பொய்ங்க' என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தேறாது. ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாக அச்சடியுங்கள், ஒன்றில் கட்சிப் பெயர் இருக்கட்டும், இன்னொன்றில் வேண்டாம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். இரண்டு கூட்டத்தின் பதிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொய்க்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி. 'இதை உங்கள் பக்கத்து வீட்டில் சொல்வீர்களா?' என்று ஒரு கேள்வி வையுங்கள். 'இதைப் படித்து மற்றவர்கள் ஏமாறுவார்களா?' என்று இன்னொன்று. டேவிசன் என்ற ஆய்வாளர் 1983-ல் எழுதியபடி, தான் ஏமாற மாட்டேன், அடுத்தவன் ஏமாந்துவிடுவான் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் கழித்து அதே ஆட்களை மறுபடி கேளுங்கள்.

பனியன் கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்றால் ஆள் தாராளமாகக் கிடைப்பார்கள். ஆனால் முதல் கேள்வி 'உங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்குதுங்க?' என்று இருக்கட்டும். அங்கே நிற்பவர்களில் நிறையப் பேருக்கு ஓட்டு தேனியிலோ திருவாரூரிலோ இருக்கும், வேறு மாநிலத்திலும் இருக்கும். அப்புறம் வினாத்தாளின் அடியில் கல்லூரிப் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது எந்தக் கட்சி அனுப்பினதுங்க தம்பி?' என்று கேட்டுக்கொண்டுதான் பதிலே சொல்வார்கள்.